பித்தளை டார்ச், தாமிர டார்ச்: எடுத்துப் புழங்குவதா, பூட்டி வைப்பதா?

மேலூர்க்காரன்:
வணக்கம். என்னிடம் பழைய பித்தளை டார்ச் நாலைந்து சேர்ந்துவிட்டது. எவரெடி மூணு கட்டை (மூணு பேட்டரிக் கட்டை போடுவது), அதே எவரெடியில் ரெண்டு கட்டை, ஜீப் கம்பெனி டார்ச் ஒன்று, அப்புறம் அடியில் ஹாங்காங் என்று பொறித்த ஒன்று. இது போக இந்தக் காலத்து எல்இடி டார்ச் ரெண்டு, எமிசார் டி4ம் லுமின்டாப் எஃப்டபிள்யூ3ஏவும். ரெண்டுமே தாமிர உடம்பு. விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டில் உள்ளவர்களும் இந்தப் பக்கம் வந்து படிக்கிறார்கள்.

எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் பல நாள் ராத்திரியில்தான் வருகிறது. மோட்டார் போடப் போகும்போது அந்த மூணு கட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். மச்சான் பார்த்துவிட்டு, "இனிமேல் இதெல்லாம் கிடைக்குமா? கண்ணாடி பீரோவில் வைக்க வேண்டியதை வரப்பில் போட்டு உருட்டுறியே" என்று சத்தம் போடுகிறார். என் கட்சி வேறு. டார்ச் என்றால் எரிய வேண்டும், எரியாவிட்டால் அது வெறும் குழாய். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ரெண்டாவது கேள்வி, தாமிர டி4 வாங்கும்போது ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இப்போது கை படும் இடமெல்லாம் கருத்து, கிளிப் இருக்கும் இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. விளக்கி வைப்பதா, அப்படியே விடுவதா?

உசிலைச் சுள்ளான்:
பீரோவில் இருக்கிற டார்ச்சைப் பார்த்துப் பாம்பு ஒதுங்காது அண்ணே. எடுத்துப் போங்க.

மூணுகட்டை:
மேலூர்க்காரன் தம்பி, உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. அந்த எவரெடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். உடம்பு வெள்ளையாக இருக்கும், விளிம்பிலும் சுவிட்சைச் சுற்றியும் மட்டும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் பித்தளைத் தகட்டில் உடம்பைச் செய்து, மேலே நிக்கல் அல்லது குரோமிய முலாம் பூசித்தான் விற்றார்கள். பித்தளை தெரிகிற மாதிரி கடைக்கு வந்தது குறைவு. இப்போது பையன்கள் "ஒரிஜினல் பித்தளை தெரியட்டும்" என்று எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பஃப் அடித்துத் தங்கம் மாதிரி ஆக்கிப் படம் போடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. முலாம் மட்டுமா போகிறது? அடியில் பொறித்திருக்கும் எழுத்தும் சேர்ந்து மழுங்கிவிடுகிறது. வயதைச் சொல்ல நமக்கு இருப்பது அந்த எழுத்துதான். எவரெடி இந்தியாவில் 1994 வரை யூனியன் கார்பைடு கையில் இருந்தது, ஆமாம், போபால் யூனியன் கார்பைடுதான். அந்தப் பெயர் பொறித்திருந்தால் டார்ச் அதற்கு முந்தையது என்று சொல்லிவிடலாம். எழுத்தைத் தேய்த்துவிட்டால் எதை வைத்துச் சொல்வது?

நான் சேகரிக்கிறவன், மறைக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் சாக்கோடு கிடக்கும், கிளறி எடுப்பேன். மலேயா, பர்மா போய் வந்தவர்கள் பெட்டியில் வந்த ஹாங்காங் டார்ச் அங்கே இன்னும் அகப்படுகிறது. பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு உபரி பல்பு பஞ்சில் சுற்றி உட்கார்ந்திருக்கும். அந்த பல்பு இன்னும் எரிந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

ஆகவே என் பதில், அதே மாதிரி இன்னொன்று உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்றால் புழங்குங்கள். கிடைக்காது என்றால் வேண்டாம். வரப்பில் ஒரு தடவை நழுவி விழுந்தாலே தலைப்பாகம் நெளிந்துவிடும், பித்தளைத் தகடு அவ்வளவு மெல்லிசு. தட்டி நிமிர்த்தலாம், ஆனால் முலாம் வெடித்த இடம் வெடித்ததுதான்.

லூமென் ராசா:
பழசு எனக்குத் தெரியாது, புதுத் தாமிர டார்ச் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே பாதிப் பேர் தாமிரமும் பித்தளையும் ஒரே வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். வெப்பம் கடத்தும் எண்களைப் பாருங்கள். தாமிரம் 400க்குக் கொஞ்சம் கீழே, சாதாரண டார்ச் செய்யும் 6061 அலுமினியம் 167, பித்தளை 120க்குப் பக்கம், டைட்டானியம் கலவை வெறும் 7. எல்லாம் ஒரே அலகுதான். அதாவது சூடு விஷயத்தில் பித்தளை அலுமினியத்தை விட மட்டம். பித்தளை டார்ச் வாங்குகிறவர் அழகுக்கும் கனத்துக்கும் வாங்கலாம், "நல்லா சூட்டை இழுக்கும்" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

தாமிரம் நிஜமாகவே இழுக்கும். டி4 மாதிரி நாலு எல்இடி வைத்த சின்ன டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நொடிகளிலேயே தலை கொதிக்கும். தாமிர உடம்பு அந்தச் சூட்டை உடனே பரப்பிவிடும், அதே பருமனில் அலுமினியத்தை விட அதிகச் சூட்டைத் தாங்கியும் வைத்துக்கொள்ளும். அதனால் வெளிச்சம் தானாக இறங்குவது கொஞ்சம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் லாபம். அதற்கப்புறம் சூடு காற்றுக்கோ கைக்கோ போயாக வேண்டும். மதுரை சித்திரை வெயிலில் ராத்திரியிலும் காற்று சூடாகத்தான் இருக்கிறது, கை தாங்காது.

அப்புறம் ஒரு வேடிக்கை. பளபளவென்று விளக்கிய தாமிரம் சூட்டைக் கதிராக வெளியே விடவே விடாது. கருத்துப்போன தாமிரம் அதை விடப் பல மடங்கு விடும். உங்கள் ரெண்டாவது கேள்விக்கு இதுவே பதில், கருக்கட்டும் விடுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. அலுமினிய டார்ச்சில் மரைக்கு மேலே ஆனோடைஸ் பூச்சு இருந்தால் அது மின்சாரம் கடத்தாது. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும், பையில் தானாக எரியாது. தாமிரத்திலும் பித்தளையிலும் மரை வெறும் உலோகம். கொஞ்சம் தளர்த்தினாலும் மரை வழியாகவே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், மூடியை முழுசாகக் கழற்றிவிடுவதுதான் நிச்சயம். பேன்ட் பையில் டி4 தானாக எரிந்து தொடை சுட்டவர்கள் கதை எல்லா நாட்டிலும் இருக்கிறது. மென்பொருள் பூட்டு (பட்டன் அழுந்தினாலும் எரியாதபடி டார்ச்சிலேயே போட்டுவைப்பது) போடாமல் பையில் வைக்காதீர்கள்.

மேலூர்க்காரன்:
ராசா தம்பி, அந்தத் தளர்த்தும் விஷயம் இப்போதுதான் புரிகிறது. சட்டைப் பையில் வைத்திருந்தபோது நெஞ்சு சூடானது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மல்லிக்கொடி:
ஆண்கள் எல்லாம் அழகு பார்க்கிறீர்கள், வேலைக்கு ஆகுமா என்று யாரும் சொல்லக் காணோம். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் மல்லித் தோட்டம். பூ எடுப்பது விடியலுக்கு முன்னால், மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். ரெண்டு கையும் செடியில் இருக்கும்போது டார்ச்சை எங்கே பிடிப்பது? எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்போது நெற்றியில் கட்டும் லைட்தான். அது பிளாஸ்டிக், மலிவு, கனம் கிடையாது. அதற்கு முன்னால் சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எடுத்த காலமும் உண்டு. வெறும் பித்தளையை வாயில் கவ்வினால் நாக்கில் ஒரு கசப்பு வரும், அது காபி குடித்தாலும் போகாது.

கையில் பிடித்தாலும் வாடை. தாமிரமோ பித்தளையோ வியர்வைக் கையில் கொஞ்ச நேரம் இருந்தால் கை முழுக்கப் பழைய சில்லறைக் காசு வாடை அடிக்கும். அந்தக் கையால் பூவை அள்ளினால் பூக்காரம்மா முகத்தைச் சுளிப்பார்கள்.

ஆனால் ராத்திரித் தோட்டக் காவலுக்கு எங்கள் மாமனார் இன்னும் மூணு கட்டைதான் எடுத்துப் போகிறார். காட்டுப்பன்றி வந்தால் வெளிச்சமும் அடிக்கும், கையில் ஒரு தடி மாதிரியும் இருக்கும் என்பார். அதை பீரோவில் வைத்தால் மாமனாரையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

உசிலைச் சுள்ளான்:
அக்கா 😂

பட்டறை மணி:
லேத் பட்டறை வைத்திருக்கிறேன், சிம்மக்கல் பக்கம். இந்த மாதிரி டார்ச் அடிக்கடி வருகிறது. வருவதில் முக்கால்வாசி கீழே விழுந்து கெட்டது கிடையாது. பரணில், பீரோவில் கட்டையோடு போட்டு மறந்து கெட்டவைதான். இதை மூணுகட்டை அண்ணன் கவனிக்க வேண்டும்.

சாதாரணக் கட்டையின் வெளி டப்பா துத்தநாகம். அதுவேதான் உள்ளே கரைந்து கரன்ட் தருகிறது. கரைந்து ஓட்டை விழுந்ததும் உள்ளே இருக்கும் பசை வெளியே வரும். அந்தப் பசையில் இருப்பது நவச்சாரம், நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துணியில் தொட்டுத் தேய்க்கிறாரே, அதே சரக்கு. பித்தளையில் பட்டால் சும்மா விடாது. வெள்ளை, அப்புறம் நீலப்பச்சை, அப்புறம் கட்டையும் குழாயும் ஒரே கட்டியாகிவிடும். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த ரெண்டு கட்டை டார்ச்சில் கட்டை ஊதி, வெளியே குழாயே லேசாகப் பிதுங்கித் தெரிந்தது.

எடுக்கும் முறை: ரெண்டு பக்கமும் கழற்றுங்கள். பல்பு, ரிஃப்ளெக்டர், சுவிட்சின் உள் பட்டை எல்லாம் முடிந்தவரை வெளியே வரட்டும். குழாயை நிறுத்தி வைத்து சமையல் சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊறவிடுங்கள், ஒரு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. பிறகு தலைப் பக்கமிருந்து, குழாய்க்கு ஒட்டிப் போகிற மர உருளையை வைத்துத் தட்டுங்கள். ட்ரில் போட்டுக் குடையாதீர்கள், முனை ஒரு பக்கம் வழுக்கினால் குழாய் கிழிந்தது. ஆல்கலைன் கட்டை ஒழுகியிருந்தால் சோடா கூடாது, அது ஏற்கெனவே காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், தொட்டுத் துடைத்து உடனே கழுவ வேண்டும்.

அப்புறம் புழங்குகிற டார்ச்சில் நான் பார்த்தது, சுவிட்சு நன்றாக இருக்கும். தள்ளுகிற சுவிட்சு ஒவ்வொரு தடவை போகும்போதும் தகட்டை உரசி, படிந்த ஆக்சைடைத் தானே சுரண்டிவிடுகிறது. வருஷக்கணக்கில் தள்ளாமல் விட்ட சுவிட்சுதான் மினுக்கும், தட்டினால் எரியும், விட்டால் அணையும்.

மூணுகட்டை:
மணி, கட்டையோடு பூட்டி வைப்பவனை நான் சேகரிக்கிறவன் என்றே சொல்லமாட்டேன். என்னிடம் எதிலும் கட்டை கிடையாது. அப்பப்போ எடுத்து சுவிட்சையும் தள்ளித்தான் வைக்கிறேன். "பூட்டி வைத்ததால் கெட்டது" என்று சேகரிப்பவர்கள் தலையில் போடாதீர்கள். அது கவனிக்காமல் விட்டதால் கெட்டது.

பட்டறை மணி:
சரி அண்ணே. ஆனால் உங்களை மாதிரி எடுத்துத் தள்ளிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? ஷோகேஸில் வைத்துப் பூட்டுகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

பழைய வாத்தியார்:
நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மணி சொன்ன நவச்சாரத்தோடு ஒன்று சேர்க்க வேண்டும். பழைய பித்தளை டார்ச்சில் நெடுக ஒரு மயிரிழை வெடிப்பு பார்த்திருப்பீர்கள். அடிபட்ட தடமே இருக்காது, ஆனாலும் பிளந்திருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்தியாவில் இதே தொல்லை இருந்தது. பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் வைத்திருந்தவைதான் அதில் சிக்கின. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருக்கும் இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை துகள் எல்லைகளில் பிளக்கும். இது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. செய்து முடித்த பிறகு மிதமாகச் சூடாக்கி உள்ளிழுவிசையைத் தணித்தால் இது வராது.

நம் வீடுகளில் டார்ச் எங்கே தொங்கும்? மாட்டுத் தொழுவத்து ஆணியில். ராத்திரி மாடு சத்தம் போட்டால் கைக்கு எட்ட வேண்டும் என்று அங்கேதான் மாட்டுவார்கள். மாட்டு மூத்திரத்திலும் அதே அம்மோனியா. அதனால் மல்லிக்கொடி அம்மா, உங்கள் மாமனார் டார்ச் தொழுவத்தில் தொங்கினால் திண்ணைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மல்லிக்கொடி:
தொழுவத்தில்தான் தொங்குகிறது ஐயா. இன்றைக்கே மாற்றுகிறேன். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

சோழவந்தான் கொடிக்கால்:
புளி போட்டு விளக்கலாமா? அம்மா பூஜை விளக்கோடு சேர்த்து என் ஜீப் டார்ச்சையும் விளக்கிவிட்டார். சும்மா தகதகவென்று இருக்கிறது.

பழைய வாத்தியார்:
புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. வெறும் தாமிரத்துக்குப் பெரிய கேடு இல்லை, உடனே கழுவித் துடைத்தால் போதும். பித்தளையில் அமிலத்தை அப்படியே ஊறப்போட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து போய், தாமிரம் மட்டும் மேலே நின்று ரோஸ் திட்டு விழும். பூஜை விளக்கு கெட்டியான வார்ப்பு, தலைமுறை தலைமுறையாகத் தேய்த்தாலும் தாங்கும். டார்ச் தகடு அப்படி இல்லை. சுவிட்சு ஓட்டை வழியாகப் புளித்தண்ணீர் உள்ளே இறங்கினால் ஸ்பிரிங்குக்கும் சேதம். கடைசியாக விபூதி தொட்டுத் தேய்ப்பார்களே, அது நுண்ணிய துகள், பளபளப்புக்கு நல்லது, ஆனால் அதுவும் தேய்மானம்தான். முலாம் உள்ளதில் எதுவுமே வேண்டாம், ஈரத்துணி போதும்.

எண்ணெய் தடவி வைக்கலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். விளக்கில் எண்ணெய் தேங்கும் இடத்தில் பச்சைப் பிசுக்கு வருமே, அது எண்ணெயின் கொழுப்பு அமிலமும் தாமிரமும் சேர்ந்து வருவது. டார்ச்சிலும் வரும். தோல் உறையில் போட்டு வைத்தாலும் அதே பச்சைதான், தோலிலும் கொழுப்பு இருக்கிறது. ரப்பர் பேண்ட் சுற்றி வைக்காதீர்கள், அதில் உள்ள கந்தகம் தாமிரத்தில் கறுப்பு வளையம் போட்டுவிடும். காய்ந்த பருத்தித் துணி போதும்.

கால்நடை யாத்திரை:
பச்சை என்றதும் ஞாபகம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும்போது தாமிர டார்ச்சை வேட்டி மடிப்பில் செருகியிருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது பார்த்தால் இடுப்பில் வேட்டி முழுக்கப் பச்சை. வியர்வை உப்பும் தாமிரமும் செய்த வேலை. துவைத்தும் போகவில்லை. கூட வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது அலுமினியம்தான். கனத்தையும் சொல்ல வேண்டும், தாமிரம் அலுமினியத்தை விட மூணு மடங்குக்கு மேல் கனம். காட்டுக்குள் கால் மணி நேரம் போய் வருவதற்குத் தெரியாது, பழனி ரோட்டில் ராத்திரி முழுக்கத் தெரியும்.

லூமென் ராசா:
யாத்திரைக்குத் தாமிரம் கொண்டுபோனது உங்கள் தப்பு இல்லை, விற்றவர் வேட்டிக்காரருக்கு எழுதிவைக்கவில்லை 😄

புதுசு:
ஒரு சந்தேகம். ஆன்லைனில் "பழங்காலக் கப்பல் டார்ச், சுத்தப் பித்தளை" என்று வருகிறதே, நிஜமா? பச்சையும் கறுப்புமாக நல்ல பழசு மாதிரி இருக்கிறது.

மூணுகட்டை:
பெரும்பாலும் புதுசு. மொராதாபாத் மாதிரி பித்தளை ஊர்களில் பழசு மாதிரியே திசைகாட்டி, தொலைநோக்கி எல்லாம் செய்து அனுப்புகிறார்கள். செய்வதில் தப்பில்லை, பழசு என்று விற்பதுதான் தப்பு. அம்மோனியா ஆவியில் வைத்தால் ஒரு ராத்திரியில் பச்சை வந்துவிடும். அடையாளம் சொல்கிறேன். நிஜப் பழசில் கை படும் இடம் தேய்ந்து வெளுத்தும், கை படாத மூலை கருத்தும் இருக்கும். போலியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பச்சை. பின்மூடியைக் கழற்றி மரையைப் பாருங்கள், பழசில் மரை மழுங்கியிருக்கும், உள்ளே கட்டை உரசிய கோடு நீளவாக்கில் ஓடும். காந்தமும் வைத்துப் பாருங்கள், கப்பென்று ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. நிக்கல் முலாமும் காந்தத்துக்கு இழுபடும்தான், ஆனால் அவ்வளவு மெல்லிசு முலாமில் கைக்கு ஒன்றும் தெரியாது.

விலையை ஒரு நியாயத்தில் வையுங்கள். எடைக்கு எடுக்கும் கடையில் இதே டார்ச் கண்ணாடி, பல்பு எல்லாம் கழித்துப் பித்தளை விலைக்குப் போகிறது. அங்கே உருக்கப் போவதை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் இந்தக் கிறுக்கே எனக்குப் பிடித்தது.

மேலூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது வேறு யோசனை. மூணு கட்டையின் பழைய பல்பு மஞ்சளாக, வெளிச்சம் காணாமல் இருக்கிறது. 2012 மின்வெட்டில் நாள் முழுக்க கரன்ட் இல்லாதபோது கூட அதை வைத்துத்தான் ஓட்டினோம், அப்போதே போதவில்லை. உள்ளே எல்இடி மாட்டி, 18650 என்கிற லித்தியம் கட்டை போட்டால் வரப்பு முழுக்கத் தெரியும் இல்லையா? மணி அண்ணே, செய்துதர முடியுமா?

பட்டறை மணி:
முடியும், ஆனால் ரெண்டு வழி இருக்கிறது, கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்று, எதையும் வெட்டாத வழி. அதே இடத்தில் உட்காருகிற எல்இடி பல்பு கடையில் கிடைக்கும். உங்கள் டார்ச்சில் விளிம்பு வைத்த பல்பா, மரை பல்பா என்று முதலில் பாருங்கள். பழைய பல்பில் கட்டையை எப்படிப் போட்டாலும் எரியும், எல்இடியில் தலைகீழாகப் போட்டால் எரியாது. பெரிய கட்டைக்குப் பதிலாக, சின்ன ஏஏ ரீசார்ஜ் கட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு டி அளவுக்கு ஆக்கிக்கொள்ளலாம். ஒன்று 1.2 வோல்ட், மூணு சேர்ந்தால் 3.6. பழைய மூணு கட்டை பல்புக்கு 3.8 வோல்ட் என்று போட்டிருக்கும், அதையே வைத்துக்கொண்டாலும் ஓடும். சாதாரணக் கட்டை மாதிரி ஒழுகும் பயம் இதில் ரொம்பக் குறைவு.

ரெண்டு, நீங்கள் சொல்லும் லித்தியம். 18650 தடிமன் 18 மில்லிமீட்டர், உங்கள் குழாய் 34 மில்லிமீட்டர் கட்டைக்குச் செய்தது. நடுவில் பிவிசி குழாய்த் துண்டு வைக்க வேண்டும், நீளத்துக்கும் அண்டை கொடுக்க வேண்டும். அது பெரிய வேலை இல்லை. சூடுதான் பிரச்சினை. இந்தப் பழைய டார்ச்சில் பல்பு ஒரு மெல்லிய தகட்டு ரிஃப்ளெக்டரில் தொங்குகிறது, உடம்போடு ஒட்டவே இல்லை. பெரிய எல்இடி வைத்தால் சூடு போக வழியில்லாமல் எல்இடி கருகிவிடும், வெளியே குழாய் சில்லென்றே இருக்கும். அதற்குத் தடிமனான தாமிர வில்லை ஒன்று கடைந்து, குழாய்க்குள் இறுக்கமாக ஏற்றி, அதன் மேல் எல்இடியை ஒட்ட வேண்டும். ஏற்றுவதற்கு உள்பக்கம் கொஞ்சம் கடைசல் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால் திரும்பப் பழைய மாதிரி வராது.

மூணுகட்டை:
ரெண்டாவது வழி வேண்டவே வேண்டாம் தம்பி. வேண்டுமென்றால் என்னிடம் தலை நெளிந்து, முலாம் போய், எழுத்தும் மழுங்கிய ஒரு மூணு கட்டை கிடக்கிறது. அதைத் தருகிறேன், அதைக் கடையுங்கள். உங்களுடையதில் கை வைக்காதீர்கள்.

லூமென் ராசா:
அட, சேகரிக்கிறவரே கடைசலுக்குச் சாமான் தருகிறார். எனக்கும் ஒன்று இருந்தால் சொல்லுங்கள் அண்ணே, உள்ளே தாமிர வில்லை நான் வாங்கித் தருகிறேன்.

மூணுகட்டை:
இருந்தால் சொல்கிறேன். கெட்டுப்போனதுதான் தருவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மல்லிக்கொடி:
மாமனாரிடம் சொன்னேன். தொழுவத்து ஆணியிலிருந்து எடுத்துத் திண்ணைத் தூணில் மாட்டிவிட்டார். எல்இடி பல்பு போடலாமா என்று கேட்டதற்கு, வெளிச்சம் வெள்ளையாக இருந்தால் பன்றி பயப்படுமா என்று கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?

பட்டறை மணி:
பன்றிக்கு நிறம் முக்கியமா என்று எனக்கு எப்படிம்மா தெரியும்? ஆனால் வெளிச்சம் பழைய பல்பை விடத் தூரம் போகும், கட்டையும் ரொம்ப நாள் வரும். அவர் டார்ச்சின் தலையைத் திருகினால் குவிகிற வகையா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த வகையில் எல்இடி பல்பு சில சமயம் சரியாகக் குவியாது, நடுவில் இருட்டு வட்டம் விழும். அப்படி விழுந்தால் பழைய பல்பே நல்லது.

மேலூர்க்காரன் தம்பி, மூணுகட்டை அண்ணனிடம் அந்த நெளிந்ததை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, மற்ற நாள் மதியத்துக்கு மேல் வந்தால் பார்த்துவிடலாம். வரும்போது உங்கள் மூணு கட்டையையும் கொண்டுவாருங்கள், அதற்கு ஏஏ உறை அளவு எடுக்க வேண்டும்.